ஆரணிப் பட்டு நெசவு

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியிலும் படவேடு உள்ளிட்ட சுற்றூர்களிலும் கைத்தறியில் பட்டுச் சேலை நெய்யும் தொழில். புவிசார் குறியீடு பெற்றது. ‘ஸ்லோ ஃபேஷன்’ எனப்படும் நிதான உடை உற்பத்தியின் கூறுகள் பல, அப்பெயர் வருமுன்பே இதில் அமைந்தவை.

குழித்தறிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. காலுக்கு மிதிபலகை, கைக்கு நாடா. சேலை தறியிலேயே முழு அளவில் இறங்குவதால் வெட்டுத்துணி மிஞ்சாது. பாவு (நீளவாட்டு இழைகள்) தீர்ந்ததும் அதன் கடைசி முனைகளைத் தறியிலேயே விட்டு, புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கின்றனர்; ஆயிரக்கணக்கான இழைகளை விழுது, அச்சு எனும் தறி உறுப்புகளில் மறுபடி கோக்கும் வேலை மிச்சம். கிழிந்த சேலையும் வீணாவதில்லை: அசல் சரிகையில் வெள்ளி உண்டு என்பதால் வியாபாரிகள் தேடி வாங்கி உருக்குகின்றனர்.

குறை சாயப்பட்டறையில். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்குகையில் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரையும். அந்நீரும் செயற்கைச் சாயநீரும் சுத்திகரிக்கப்படாவிடில் நிலத்தடி நீர் கெடும். இவ்வகையில் ஆரணிப் பட்டை மாசற்றது எனல் பொருந்தாது.

இத்தகைய கைத்தறி நெசவுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு: 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட சேலை ரகங்களை விசைத்தறியில் நெய்யத் தடை விதிக்கிறது.