கண்ணிவெடிகளுக்கு நடுவே ஒரு படித்துறை

1967 ஜனவரி 7. எரிகோவுக்குக் கிழக்கே, யோர்தான் ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டிய புனித யோவான் சிற்றாலயத்தில் இரண்டு குருக்கள் திருப்பலி நிறைவேற்றினார்கள். ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் நைஜீரியர். பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் கூரைக்குக் கீழே அடுத்த திருப்பலி நடக்க 54 ஆண்டும் 3 நாளும் ஆயின.

இயேசு திருமுழுக்குப் பெற்றதாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் துறை இது. அரபியில் கஸ்ர் அல்-யஹூத். கி.பி. 570 வாக்கில் இத்தாலியின் பியாசென்சாவிலிருந்து வந்த ஒரு திருப்பயணி, இங்கே திருக்காட்சி விழாவைக் கண்டு எழுதியிருக்கிறார். குரு ஆற்றை மந்திரித்ததும் அலெக்சாண்ட்ரியாக் கப்பல்காரர்களின் ஆட்கள் வாசனைத் திரவியங்களை நீரில் கொட்டுவார்கள். பிறகு அந்த நீரையே மொண்டு போய்க் கப்பல்களின் மேல் தெளிப்பார்கள். ஆற்றில் இறங்கியவர்களில் பலர் உடுத்தியிருந்தது, நாளை தங்கள் உடலைச் சுற்றப்போகும் கோடித்துணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டங்கூட்டமாக வந்த ரஷ்யக் குடியானவர்களும் அப்படியே செய்தார்கள்: வெள்ளை அங்கியோடு முழுகி, உலர்த்தி, சாவுக்கென்று பத்திரப்படுத்தினார்கள்.

வழி என்றுமே பத்திரமாக இருந்ததில்லை. 1119 ஈஸ்டரின்போது எருசலேமிலிருந்து இந்த ஆற்றை நோக்கிப் போன ஏறத்தாழ 700 பேர் கொண்ட கூட்டம் தாக்கப்பட்டது. 300 பேர் மாண்டார்கள், 60 பேர் சிறைப்பட்டார்கள் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஆல்பர்ட் குறித்திருக்கிறார். திருப்பயணிகளுக்குக் காவலாக டெம்ப்ளர் வீரர் சபை உருவானதும் அதையொட்டித்தான்.

1967 ஜூன் போரில் மேற்குக் கரை இஸ்ரேலின் கைக்குப் போனது. ஆறே எல்லைக்கோடாகிவிட, கரை நெடுகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. துறவியர் வெளியேறினார்கள். மடங்களுக்குள்ளும் பொறிவெடிகள் வைக்கப்பட்டன. 2011-இல் துறைக்கு இறங்கும் பாதை பொதுமக்களுக்குத் திறந்தபோதும், இருபுறமும் முள்வேலி, அதில் எச்சரிக்கைப் பலகைகள். வேலிக்கு அப்பால் மணிக்கூண்டுகள் மௌனமாக நின்றன.

2018-இல் ஹேலோ டிரஸ்ட் என்ற அமைப்பு வெடிகளை அகற்ற இறங்கியது. அந்த நிலத்தில் பங்குள்ள திருச்சபைகள் எட்டு. அவற்றோடு இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஒருசேரச் சம்மதித்தார்கள். அந்த மண்ணில் இது எவ்வளவு அபூர்வம் என்பது அங்குள்ளவர்களுக்குத்தான் தெரியும். 2021 ஜனவரி 10 அன்று பிரான்சிஸ்கன் துறவியர், துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த சுவர்களுக்கு நடுவே மீண்டும் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள்.

எதிர்க்கரை ஜோர்தான் நாட்டின் அல்-மக்தாஸ். 2015 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம். நடுவே ஓடும் ஆறு சில மீட்டர் அகலமே. மேலே கலிலேயாவிலும் கிளையாறுகளிலும் நீரை எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது அவ்வளவுதான். இரு கரைகளிலும் வெள்ளை அங்கியோடு மக்கள் இறங்குகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் நெருங்காதபடி நீரின் நடுவே ஒரு தடுப்பு மிதக்கிறது.