சிற்பத்தில் எடுத்தாளல்: அங்கியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

சென்னையில் சிற்பம் பயிலும் என் தங்கையின் மகள், சென்ற மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகத்தில் தங்கியிருந்தபோது, காலையில் ராணி மங்கம்மாள் மஹாலில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும், பிற்பகலில் நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள் வைக்கப்பட்டிருக்கும் கோயில் அருங்காட்சியகத்துக்கும் சென்று, வரைபுத்தகத்தின் பக்கங்களை நிரப்பிக்கொண்டு, அந்தி வேளையில் முத்தங்கி சேவைக்கான வரிசையில் என்னோடு வந்து நின்றாள். பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனி முத்தால் இழைத்த அங்கிக்குள் மறைந்திருக்க, விளக்கொளியில் ஒரு கணம் சேவித்துவிட்டு நகர்ந்து வெளியே வந்ததும், "மாமா, மியூசியத்துல உடம்புதான் இருக்கு, அலங்காரமே இல்ல, இங்க அலங்காரந்தான் தெரியறது, உடம்பே தெரியல. நான் எதை எடுத்துக்கறது?" என்று கேட்டாள். இக்கட்டுரை அக்கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடை.

பிறர் ஆக்கத்தைத் தன் ஆக்கத்துக்குள் கொண்டுவரும் எடுத்தாளலை மேனாட்டுக் கலையுலகம் ஒரு கொள்கையாக வாதித்தது அண்மைக் காலத்தில்தான். வாக்கர் எவான்ஸ் எடுத்த புகைப்படங்களை மறுபடி புகைப்படமாக எடுத்து, ஷெரி லெவின் 1981இல் நியூயார்க்கில் தம் படைப்பாகவே காட்சிக்கு வைத்தது அவ்வாதத்தின் உச்சம். நம் இலக்கண ஆசிரியர்களோ நூலின் இலக்கணம் கூறப் புகுந்தபோதே இதனைச் சிந்தித்துவிட்டனர். தொல்காப்பியர் முதல்நூல், வழிநூல் என்று பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். நன்னூலார் சார்புநூல் என்ற மூன்றாவதையும் கூறி, வழிநூல் என்பது முன்னோரின் முடிபோடு முழுவதும் ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பத்தையும் உடையது என்று வரையறுத்தார். லெவினுடைய செயல், யார் ஆசிரியர் என்ற வினாவை எழுப்புவதற்குப் போதுமானதேயன்றி, கண்ணுக்குப் புலனாகும் விகற்பம் ஏதும் அதில் இல்லாமையால், கைத்தொழில் கற்கவந்த ஒரு மாணவிக்கு வழிகாட்டாது.

முன்னோரின் முடிபு யாது என்று அறிவதில்தான் அருங்காட்சியகம் மாணவரைத் தடுமாறச் செய்கிறது. கோயிலில் உற்சவ மூர்த்தியை நாம் பட்டும் மாலையும் ஆபரணமும் அங்கியுமாகவே சேவிக்கிறோம். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலைக் கடக்கும் நம்பெருமாள் ரத்னாங்கியில்தான் எழுந்தருளுகிறார். அதே மரபில் வார்க்கப்பட்ட செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததும், இடையின் வளைவும் தோளின் திரட்சியும் யாவரும் காண நிற்கிறது. அதே அருங்காட்சியகத்து நடராஜ வடிவைப் புகைப்படங்களில் மட்டுமே கண்டு, 1913ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் எழுதி, 1921இல் அச்சேறிய புகழ்பெற்ற கட்டுரை, அந்த உடலின் அழகைப் பற்றியதே. அம்மூர்த்தி வீதிக்கு எழுந்தருளும்போது அவ்வுடல் எவ்வளவு மறைந்திருக்கும் என்பது அவருடைய சிந்தனைக்கு எட்டியிருக்க நியாயமில்லை. ஆகவே, மாணவர் ஒரு கோடு இழுப்பதற்கு முன்பே ஓர் எடுத்தாளல் நடந்து முடிந்துவிடுகிறது: வழிபாட்டிலிருந்து வடிவத்தைப் பிரித்தெடுத்தது காட்சிக்கூடம். ஸ்ரீபுரந்தான் நடராஜரைப்போலக் களவாடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டு, 2014இல் திரும்பிவந்த மூர்த்திகளின் கதை வேறு. அது எடுத்தாளல் அன்று, களவு. நான் சொல்வது, முறைப்படி வந்துசேர்ந்த மூர்த்திக்கும் காட்சிக்கூடத்தில் நேரும் மாற்றத்தைப் பற்றியது.

இந்த இடத்தில் சிற்பி பி. வி. ஜானகிராமின் செய்கை எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. 1850இல் தோன்றிய சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் அமைந்தபோது அதில் சேர்ந்த அவர், காட்சிக்கூடம் தந்த திறந்த மேனியை விட்டுவிட்டு, அது விலக்கிவைத்த கவசத்தை எடுத்துக்கொண்டார். செம்புத் தகட்டைத் தட்டிப் புடைக்கச் செய்து, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கண்ணும் மூக்கும் ஆபரணமும் வகுத்த அவருடைய உருவங்கள், மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் போலவே, முன்னால் நிற்பவரை நேர்நோக்குவதற்காக ஆனவை. பின்புறம் சுற்றிவந்து பார்க்கும் பழக்கம் காட்சிக்கூடத்துக்கு உரியது. சந்நிதியில் அதற்கு இடமில்லை. கவசத்தின் முடிபு நேர்தரிசனமே என்றால், ஜானகிராம் அம்முடிபில் முழுவதும் ஒத்து நிற்கிறார்.

உள்ளே மூர்த்தி இல்லாத கவசம் வெறும் தகடுதானே என்று ஒரு பக்தர் கேட்கலாம். ஆட்சேபம் நியாயமானது, நானே அவ்வாறு நினைத்ததுண்டு. ஆயினும் ஜானகிராம் தம் ஆக்கத்தைச் சந்நிதியில் வைக்க முயலவில்லை. தரிசிப்பவரின் பார்வையைத் தாங்கும் பொறுப்பை, உள்ளிருக்கும் மேனியிடமிருந்து தகட்டின் மேற்பரப்புக்கு மாற்றினார். நன்னூலார் கூறும் விகற்பம் இங்கே அவ்வெறுமையிலேயே அமைகிறது. இதற்கு மாறாக, ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் தீட்டிய சொற்களும் குறியீடுகளும் என்ற ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்தைப்போன்ற வரிகளும் நிறைந்திருந்தும், அவை படிப்பதற்கானவை அல்ல என்பதால், ஜாதகத்தின் தோற்றத்தில் ஒத்துப் பயனில் விலகும் அவற்றைச் சார்புநூலின் பாற்படுத்துவேன். அழகில் அவை குறைந்தவை என்பது இதன் பொருளன்று.

மறுநாள் என் மருமாள் தந்தச் சிற்பங்களை மறுபடி வரையப் போகவில்லை. அவள் செம்புத் தகடு ஒன்றை வாங்கிவந்து, நெருப்பில் காய்ச்சிப் பதப்படுத்தி, அரக்கின்மேல் பதித்து, உளியால் முகம் ஒன்றைப் புடைக்கத் தொடங்கினாள். தட்டத் தட்டச் செம்பு இறுகிவிடும். மறுபடி காய்ச்சினாலன்றி வளையாது. அதனை அறியாமல் அவசரப்பட்டதால், மூக்கின் நுனியில் தகடு கிழிந்தது. கிழிசலை ஒட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாவது தகட்டின் ஓரத்தில், கவசத்தை மேனியோடு சேர்த்துக் கட்டுவதற்கு விடுவதைப் போன்ற சிறு துளைகளை அவள் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டிருந்தபோது, கோயிலிலிருந்து அரையர் சேவையின் தாளவொலி திண்ணைவரை கேட்டது.