பனி என்றொரு சொல்

சில சொற்களுக்கும் புலம்பெயர்வு உண்டு. ‘பனி’ அவற்றுள் ஒன்று.

மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று ஆண்டைப் பகுத்தனர் நம் முன்னோர். அவர்கள் அறிந்த பனி, புல்நுனியில் நின்று வெயில் பட்டதும் மறையும் நீர்த்துளி. திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கோப்பிக் காலத்தில் வந்தவர்களும் அந்தப் பனியையே மனத்தில் சுமந்து வந்தார்கள்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பி அழிய, தேயிலை மலையேறி, ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவையும் சூழ்ந்தது. அங்கேதான் நம்மவர் வேறொரு பனியைக் கண்டார்கள்.

தை, மாசியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் சூட்டை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. விடியும்போது புல் வெண்மையாக உறைந்திருக்கும். வெயில் ஏறியபின் பார்த்தால் கொழுந்து கருகிக் கிடக்கும். குளிர் சுடும் என்பதை மலை கற்பித்தது.

ஐரோப்பிய மலைகளில் வெண்பனி ஆளுயரம் பொழிகிறது. மக்கள் காலில் பலகை கட்டிச் சறுக்கி விளையாடுகிறார்கள். பனி குறைந்துவருகிறதே என்று இன்று கவலைப்படுகிறார்கள். அந்தப் பனி வயலுக்குக் கம்பளி போன்றது. அடியிலுள்ள பயிரைக் கடுங்குளிரிலிருந்து காக்கும். நமது மலையிலோ போர்வை இல்லை. உறைதல் மட்டுமே உண்டு.

தோட்டத்துக் கணக்கில் அது இறாத்தல் குறைவு. லயத்துக் கணக்கிலோ அது ‘பேர்’ குறைவு. நான் சிறுவனாயிருந்த தோட்டத்தில், கருகிய மலையில் நாள் முழுதும் நின்றும் கூடை நிறையாத பெண்களுக்கு அரைப் பேரே விழுந்தது. பனி பெய்தது வானத்தின் செயல். அதன் நட்டத்தை யார் தலையில் வைப்பது என்பது மனிதர் செய்த முடிவு.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர்களில் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் கூலிகளாயினர். அங்கும் மார்கழி, தையில் உறைபனி விழும். அங்கும் கொழுந்து கருகும். குடியுரிமை மாறியது, கொடி மாறியது, பனி மாறவில்லை.

இப்போது மலையகத்தின் இரவுகள் முன்னைவிட வெப்பமாகி வருகின்றன. உறைபனி விழும் நாளில் நுவரெலியாவுக்கு வேடிக்கை பார்க்க வருவோரும் உண்டு. புல்வெளியின் வெண்மை உண்மையிலேயே அழகுதான். அதைப் பார்ப்பவர்கள் ஒரு நாழிகை தாமதித்து, வெயில் ஏறியபின் பக்கத்துத் தேயிலை மலையையும் பார்த்துச் செல்லட்டும். பனி என்ற சொல்லின் மலையகப் பொருள் அங்கே எழுதப்பட்டிருக்கும்.