நாட்டுப்புறத்தை நாடிய வைத்தியம்

மருத்துவம் என்பது நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை ஊட்டுபவன் என்னும் நான்கு கூறுகளை உடையது என்பது வள்ளுவர் கொள்கை. இந்நான்கும் ஓரிடத்தில் ஒருங்கு கூடினாலன்றி நோய் தீராது. நோயாளி குக்கிராமத்திலும் வைத்தியன் பட்டினத்திலும் இருப்பின் அவை எங்ஙனம் கூடும்? இவ்வினாவிற்கு இலங்கை கடந்த இருநூறு ஆண்டுகளில் அளித்த விடைகளைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டு வைத்தியம் வருமுன் நம் கிராமங்கள் வைத்தியமின்றி இருந்தன என எண்ணுதல் தவறு. யாழ்ப்பாணத்து அரசர் காலத்திற் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் எழுந்தன. அம்மரபில் வந்த பரியாரியார் ஊரவரோடு ஊரவராய் வாழ்ந்தார். நோயாளியின் குடும்பத்தையும் உணவுப் பழக்கத்தையும் அவர் அறிவார். தன் துன்பத்தை அவரிடம் எடுத்துரைக்க நோயாளிக்கு அயன்மொழி வேண்டியிருக்கவில்லை. ஆயினும், வாந்திபேதியும் அம்மையும் கொள்ளைநோயாய்ப் பரவிய வேளைகளிலும், பிரசவம் சிக்கலுற்ற வேளைகளிலும் அவர்தம் ஆற்றல் போதாதாயிற்று.

இந்நிலையில், 1820ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டிலே மானிப்பாயில் அமர்ந்து, நோயாளரைப் பார்த்ததோடு மாணாக்கருக்கு வைத்தியமும் கற்பிக்கலானார். மதம் பரப்புதலும் இவர்தம் நோக்கமாயிருந்தது. அதனை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது. எனினும், சைவ மக்களும் நன்றியுடன் நினைக்கத்தக்க ஒரு தெளிவு கிறீனிடம் இருந்தது.

ஆரம்பத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலங் கற்று வைத்தியரானோர் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டினத்தையும் நாடிச் செல்வர் என்பதையும், தமிழிற் கற்றோர் தமிழ்க் கிராமங்களிலே நிலைத்திருப்பர் என்பதையும் அநுபவத்தால் உணர்ந்தார். ஆதலின், 1864இல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். இதற்குப் பாடநூல்கள் இல்லை, கலைச்சொற்களும் இல்லை. இரணவைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. அவர்தம் மாணாக்கரும் மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டனர். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலிற் கொண்டு, அது கிடையாவிடத்து வடசொல்லை நாடி, அதுவும் இயலாவிடத்தே பிறமொழிச் சொல்லைத் தமிழொலிக்கு இசைய ஏற்றனர். கெமிஸ்தம் என்னும் பெயரே இதற்குச் சான்றாம். கிறீன் உருவாக்கிய வைத்தியர் 62 பேர். அவருள் 33 பேர் தமிழிற் கற்றோர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை அவர் இந்நூற்பணியைக் கைவிடவில்லை.

ஆயின், காலப்போக்கு வேறு திசையிற் சென்றது. 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. அரசாங்க சேவைக்கு ஆங்கிலமே வாயிலாயிற்று. கிறீன் சென்ற சில ஆண்டுகளில் மானிப்பாயில் தமிழ்வழி வைத்தியக் கல்வி நின்றுபோயிற்று. புதிய கல்வியால் வைத்தியத்தின் தரம் உயர்ந்ததென்பது உண்மையே. ஆனால், வைத்தியன் கிராமத்தில் நிலைத்திருப்பதற்குக் கிறீன் கண்ட வழி அடைபட்டது என்பதும் உண்மையே.

கிராமத்தை நோக்கிய அடுத்த பெரும் முயற்சி தென்னிலங்கையில் எழுந்தது. 1926இல், றொக்பெல்லர் தாபனத்தின் உதவியுடன், களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. நோய் வந்தபின் வைத்தியசாலையிற் காத்திருத்தலன்றி, நோய் வருமுன் வீடு தேடிச் செல்லுதலே இதன் தத்துவம். எல்லை வகுத்த ஒரு பிரதேசம். அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவர்கீழ்ப் பரிசோதகரும் தாதியரும் மருத்துவிச்சியரும். ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குட்பட்ட குடிகளுக்குப் பொறுப்பாவர்.

இத்தகைய அமைப்பு நாடெங்கும் பரவுமுன் 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் வந்தது. மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாக, அவற்றில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெரிதும் வாடின. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். கொயினா மருந்து இருந்தும், அதனைக் கிராமத்துக் குடிசைவரை கொண்டுசேர்ப்பார் போதாமையும், பசியால் நலிந்த உடலுமே சாவைப் பெருக்கின. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த மக்களின் குரலை அரசாங்கசபை புறக்கணித்தல் இயலாதாயிற்று. அதன்பின் கிராமங்களில் மருந்தகங்களும் சிற்றாஸ்பத்திரிகளும் பெருகின.

இவற்றின் பயனை எண்களே கூறும். 1946இல் ஆயிரவருக்கு 20 ஆயிருந்த இறப்புவீதம் மறு ஆண்டிலே 14 ஆகக் குறைந்தது. இதில் டிடிரி தெளித்தலுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. மகப்பேற்று மரணமோ, ஆயிரம் பிறப்புக்கு 1946இல் ஏறக்குறைய 15 ஆக இருந்து, 1950இல் 6க்குங் கீழே இறங்கிற்று. இவ்வெற்றியிற் பெரும்பங்கு, தன் எல்லைக்குள் வீடுவீடாய் நடந்து, கர்ப்பிணிகளின் பெயரறிந்து, அபாயக்குறி கண்டவிடத்து உரியகாலத்தில் வைத்தியசாலைக்கு அனுப்பிய மருத்துவிச்சிக்கே உரியது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என வழங்கப்படுபவர் இவரே. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமும் நீங்கிற்று. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதாரத் தாபனம் சான்றளித்தது.

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். கட்டடமும் மருந்தும் மட்டும் கிராமத்திற்கு வைத்தியத்தைக் கொண்டுவருவனவல்ல. மக்கள் மொழியறிந்து, அவரிடையே தங்கியிருப்பவர் உள்ள இடத்திலேயே வள்ளுவர் கூறிய நான்கும் கூடுகின்றன. பரியாரியாரிடம் இப்பண்பு இயல்பாய் அமைந்திருந்தது. கிறீன் இதனைக் கல்வியால் உண்டாக்க முயன்றார். சுகாதாரப் பகுதி இதனை அமைப்பாலே நிலைநிறுத்திற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், வட கிழக்குப் பிரதேசங்களில் வைத்தியர் அருகியபோது, இப்பண்பின் அருமையை நம் மக்கள் துன்பத்தின் வாயிலாகக் கற்றனர்.

நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் வைத்தியத்துறை புகுகின்றனர். அவர் பெறும் புள்ளிகளைப் போற்றும் நாம், அவர் எங்கே சென்று பணிபுரியப் போகின்றார் என்பதையும் கேட்டல் வேண்டும். தீவுப்பகுதியிலும் வன்னியிலும் ஒரு தாய் தன் பிள்ளையின் நோயைத் தன் மொழியிற் சொல்ல, அதனைச் செவிமடுக்க ஒருவர் ஆங்கு இருத்தலே நாம் கற்ற கல்வியின் பயனாகும்.