புளியங்கொட்டையும் கற்றல் ஏணியும்

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கி வைத்ததும், "மாமா, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோன்னு தோணுது" என்றாள். மலையில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. ஒரே அறையில் மூன்று வகுப்புகள். ஒன்றைக் கவனித்தால் மற்ற இரண்டும் கூச்சல்.

ஓய்வுபெற்ற எழுத்தன் நான், என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த பழைய கதையைச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 'தீக்தே' என்று ஒன்று உண்டு, சொல்வதெழுதுதல்தான். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். பூஜ்யம் வாங்கிப் பெஞ்சு மேல் நின்ற நாட்கள் எனக்கு நிறைய. வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் ஆன பிறகும், மேலதிகாரி முன்னால் எழுதும்போது கை நடுங்கும்.

அதே பிரெஞ்சு நாட்டில்தான் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியரும் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். உரக்க நெடுநேரம் பேச முடியாது. 1920இல் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். பிள்ளைகளை வெளியே நடக்க அழைத்துப்போவார். பார்த்ததை அவர்களே எழுதி, வகுப்பிலிருந்த சிறிய அச்சு இயந்திரத்தில் அச்சடிப்பார்கள். பிறகு, பிள்ளையே செய்து பிள்ளையே திருத்திக்கொள்ளும் பயிற்சி அட்டைகளையும் உருவாக்கினார். குரல் போன வாத்தியாரால்தான் பிள்ளைகளின் குரல் கேட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அட்டை நம் பக்கம் வந்த கதை வேறு. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்காகப் படிப்படியான அட்டைகள் தயாரித்தார்கள். 1990களில் வேலூர் ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கப் பாடுபட்டவர். அப்போது நம் காவலூரும் வேலூரோடுதான். வெவ்வேறு வயதில், எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைகளை ஒரே பாடத்தில் உட்கார வைக்க முடியுமா? பின்னால் அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, 2003இல் 13 பள்ளிகளில் அட்டை முறை தொடங்கியது. 2007 வாக்கில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது.

உங்கள் பேரப்பிள்ளைகள் அதில் படித்திருப்பார்கள். சுவரில் கற்றல் ஏணி, தரையில் பாய், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பியில் தொங்கும் அவர்கள் வரைந்த படங்கள். ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு சக மாணவர்களோடு, ஒரு குழு தானாகவே படிக்கும். நாற்காலியை விட்டு ஆசிரியரும் பாய்க்கு இறங்கினார்.

குறை இல்லாமல் இல்லை. நல்ல யோசனை உத்தரவாக மாறினால் கடைசியில் பதிவேடாகச் சுருங்கிவிடும். கோப்போடு காலம் தள்ளிய எனக்கு இது தெரியாதா? அட்டை கிழிந்தது, சில இடங்களில் ஏணி சுவரோடு நின்றது. ஆனால் அடிப்படை போகவில்லை. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்றுதான் பிரிக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மூணு வகுப்பையும் நீ ஒருத்தியே இழுக்காதேம்மா. பிள்ளைங்க கையில கொஞ்சம் கொடு" என்றேன். திங்கட்கிழமை ஒரு படி புளியங்கொட்டை எடுத்துப்போனாள். பத்துப் பத்தாகக் குவித்தால் கூட்டல். பாதி தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டை. முற்றத்தில் ஒரு குச்சி நட்டு, மணிக்கு ஒருமுறை நிழல் நுனியில் கல் வைக்கச் சொன்னாளாம். தொலைநோக்கி இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வானம் பார்க்கச் சொல்லித்தரவா வேண்டும்!

மூன்றாம் வகுப்பில் வாய் திறக்காத பையன் ஒருவன், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கொட்டை எண்ணிக் காட்டினானாம். சாயந்திரம் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, பக்கத்துப் பள்ளி ஆசிரியரைப் பார்த்தால் குறை சொல்லாதீர்கள். ஒரு படி புளியங்கொட்டை கொடுத்துவிட்டு வாருங்கள்.