கர்லாக்கட்டையும் நீண்ட தூர ஓட்டமும்



போன வாரம் ஒரு போன் வந்தது. என்னிடம் எட்டாவது வரை படித்து, அதற்குப் பிறகும் விடியற்காலையில் பாலாற்று மணலில் என்னோடு ஓட வந்த கோஷ்டியில் ஒருவன். பெயர் போடவில்லை, படித்தால் அவனுக்கே தெரியும். "சார், பாப்பா பிளஸ் ஒன். 3000 மீட்டர் ஓடுறா. கோச் ஜிம்முக்குப் போய் பார் தூக்கச் சொல்றாரு. நீங்க எங்களை வெயிட்டே தொடக்கூடாதுன்னு சொல்லுவீங்களே, இப்போ என்ன சார் பண்றது?" என்று கேட்டான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்கு மட்டும் சொல்ல வேண்டிய பதில் இல்லை இது. அந்தக் கோஷ்டியில் இருந்த எல்லோருக்கும் சொல்ல வேண்டியது.

தசை கட்டினால் உடம்பு கனக்கும், கனத்தால் ஓட முடியாது. இதைத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நம்மூரில் மட்டும் இல்லை, உலகம் முழுக்கப் பல பயிற்சியாளர்கள் ரொம்ப காலம் இதை நம்பினார்கள். நீண்ட தூரம் ஓடுகிறவனுக்கு நெஞ்சும் மூச்சும் போதும், பலம் பயில்வானுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை.

அப்போது எங்கள் காதில் விழுந்த பெரிய பெயர் ஆர்தர் லிடியார்ட். நியூசிலாந்துக்காரர். நம் ஆம்பூர், ராணிப்பேட்டை ஆட்களுக்கு அவரைக் கட்டாயம் பிடிக்கும், ஏனென்றால் அவர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலை நேரம் போக ஆக்லாந்தில் அக்கம்பக்கத்துப் பையன்களை ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய பையன்கள் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். அவர் முறையைப் பற்றி எங்களுக்கு வந்து சேர்ந்த செய்தி ஒன்றுதான்: வாரத்துக்கு 100 மைல். அதாவது 160 கிலோமீட்டர். உங்களை அவ்வளவு ஓடவைக்கவில்லை, ஆனால் 'நிறைய ஓடு, நிறைய ஓடு' என்று நான் விரட்டியது அதைக் கேட்டுத்தான்.

வந்து சேராத பாதி ஒன்று இருந்தது. அந்த 100 மைல் வெறும் அடித்தளம். அதற்குப் பிறகு சில வாரங்கள் மேட்டில் துள்ளித் துள்ளி, முழங்காலை உயர்த்தி, கணுக்காலால் உந்தி ஏறவைப்பார். இரும்பைத் தொடாமலே செய்த பலப் பயிற்சி அது. ஞாயிற்றுக்கிழமை ஓடும் 22 மைலும் மலைப்பாதைதான். நாங்கள் மைலை எடுத்துக்கொண்டு மேட்டை விட்டுவிட்டோம். சோளிங்கர் மலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு! 1305 படி. ஒரு நாள் உங்களை அங்கே கூட்டிப்போனேன், அதுவும் சாமி கும்பிட. (இப்போது ரோப் கார் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நானும் அதில்தான் போகிறேன்.)

அதே ரோமில் 1500 மீட்டரை 3 நிமிடம் 35.6 வினாடியில் ஓடி உலக சாதனையோடு ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட். அவருடைய குரு பெர்சி செருட்டி ஒரு மாதிரியான ஆள். மெல்போர்ன் பக்கம் போர்ட்சீ என்ற கடற்கரையில் மணல் மேட்டில் பையன்களைத் திரும்பத் திரும்ப ஏறவைப்பார், பார்பெல்லும் தூக்கவைப்பார். மற்ற பயிற்சியாளர்கள் பலர் அவரைக் கிறுக்கன் என்றார்கள். எலியட்டோ பெரியவர்களுக்கான போட்டியில் 1500 மீட்டரிலும் மைல் ஓட்டத்திலும் ஒருமுறைகூடத் தோற்காமல் ஓய்வு பெற்றார். அவருக்கு முன்னால் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜடோபெக், ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சிங்கியில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம். காலுக்குக் கனம் ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதற்கெல்லாம் காரணத்தை விளக்கும் ஆய்வு 1999-ல் பின்லாந்தில் இருந்து வந்தது. லீனா பாவோலைனென் குழுவினர் நன்கு பழகிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு 9 வாரம் தன் பயிற்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் தாவுதல், குறுகிய வேக ஓட்டம், குறைந்த எடையை வேகமாகத் தள்ளுதல் என்று செய்தது. அவர்களுடைய 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவு கூடவில்லை. நெஞ்சும் மூச்சும் முன்பு இருந்தபடியே இருக்க, கால் மட்டும் மாறியது. தசையும் தசைநாணும் விறைப்பான ஸ்பிரிங் போல வேலை செய்ய, பாதம் தரையில் நிற்கும் நேரம் குறைந்தது. அதே வேகத்துக்குச் செலவு குறைந்தது. நம் பாஷையில் சொன்னால், டேங்க் அதே டேங்க், மைலேஜ் கூடிவிட்டது.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கர்லாக்கட்டை தெரியும் அல்லவா? இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் அதைப் பார்த்துப் பழகி, 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. அங்கே அதற்கு 'இந்தியன் கிளப்' என்று பெயர். 1904-லும் 1932-லும் கட்டை சுழற்றுவது ஒலிம்பிக்கில் ஒரு போட்டியாகவே இருந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப் போனவரும் அவர்தான். தமிழ்நாட்டில் டிரில் வாத்தியார் என்ற இனமே அந்தக் கல்லூரி வழியாக வளர்ந்தது. தண்டால், பஸ்கி, கட்டை எல்லாம் நம்மிடம் இருந்தது. ஓட்டக்காரனுக்கு அது ஆகாது என்ற எண்ணம்தான் நடுவில் நுழைந்தது.

போன் செய்தவனுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அவன் அப்பாவுக்கு டேனரியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் இருந்து ஈரத்தோலை இழுத்துப் போடுவார். ஒரு தோல் என்ன கனம் இருக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லீவு நாளில் இவனும் போய்க் கைகொடுப்பான். சாயங்காலம் அப்பாவின் கர்லாக்கட்டையை எடுத்துச் சுற்றுவான். நம் கோஷ்டியிலேயே கடைசிச் சுற்றில் இவனைப் பிடிக்க ஆள் கிடையாது. அவனைத்தான் நான் கூப்பிட்டு, "ஓடணும்னா அந்தக் கட்டையை விடு" என்றேன். விட்டான். அதற்குப் பதிலாக இரண்டு சுற்று கூட ஓடவைத்தேன். மறு வருஷம் முழங்காலுக்குக் கீழே வலி. எக்ஸ்ரேயில் எலும்பில் மயிரிழை விரிசல். மாவட்டப் போட்டிக்குப் போகவேண்டிய பையன் அதோடு ஓட்டத்தை விட்டான். அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்ததைக் கழற்றிவிட்டு மேலே சுமையை ஏற்றினது நான்தான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மன்னித்துக்கொள்ளப்பா.

பாப்பாவை அனுப்பு. முதலில் எடையே இல்லாமல் உட்கார்ந்து எழும் முறை சரியாக வரட்டும். பிறகு வெறும் பார். கோச் பக்கத்தில் இருக்கட்டும், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஓட்டத்தின் மேல் இதை ஏற்றாமல், ஓட்டத்தில் கொஞ்சம் குறைத்து இதை வைக்கச் சொல். நன்றாகத் தூங்கட்டும், சாப்பாட்டில் கை வைக்காதே. 2017-ல் புவனேஸ்வரில் ஆசியப் போட்டியில் நம் புதுக்கோட்டை லட்சுமணன் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கினாரே, அந்த வீடியோவைக் கடைசிச் சுற்று வரை அவளுக்குப் போட்டுக் காட்டு.

எங்கள் தாத்தாவின் கர்லாக்கட்டை ஜோடி பரண்மேல் கிடந்தது. நேற்று இறக்கித் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் வாருங்கள். உனக்கு இன்னும் சுற்ற வருகிறதா என்று பார்க்கவேண்டும்.