ரிஸ்விக் வழியாக டெல்ஃப்ட்

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ரிஸ்விக் என்ற பெயர் புதிதல்ல. பதினான்காம் லூயி மன்னரின் போர்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒப்பந்தத்தின் பெயரையும் ஆண்டையும் ஒப்பிக்க வேண்டும். நிமேக் 1678, ரிஸ்விக் 1697, உத்ரெக்ட் 1713. மூன்றுமே நெதர்லாந்து நாட்டு ஊர்கள் என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை. ரிஸ்விக் ஒப்பந்தத்தால்தான் புதுச்சேரி மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது என்பது அந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரி. அதற்கு முன் நம் ஊர் யார் கையில் இருந்தது, அவர்கள் இங்கே என்ன செய்தார்கள் என்பதெல்லாம் பாடத்தில் கிடையாது.

2018 ஜனவரியில் தி ஹேக் நகரில் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் டெல்ஃப்ட் என்று ஒரு பழைய கால்வாய் நகரம் இருக்கிறது, ஒன்றாம் நம்பர் டிராமில் ஏறினால் நேராகக் கொண்டு விட்டுவிடும் என்றான் மகன். ஒரு நாள் கம்பளிக் கோட்டு, குரங்குக் குல்லா, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். அங்கே ஜனவரியில் காலை எட்டே முக்கால் வரை விடியாது. மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். கையில் இருப்பது எட்டு மணி நேரப் பகல்தான்.

பாதி வழியில் ரைஸ்வைக் என்ற ஊர் வந்தது. நாங்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் ரிஸ்விக் என்று மனப்பாடம் செய்த ஊர் இதுதான். இறங்கிவிட்டேன்.

ஒப்பந்தம் கையெழுத்தான மாளிகை இப்போது இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இடித்துவிட்டார்கள். அந்த இடம் மரங்கள் நிறைந்த ஒரு பூங்கா. நடுவில் நினைவுக்காக ஒரு கூரிய கல்தூண் நிற்கிறது. இலையெல்லாம் உதிர்ந்த மரங்களும் ஈரத் தரையும்தான் சுற்றிலும். நாயோடு நடந்த ஒரு மூதாட்டியைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை.

அந்த மாளிகையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. கட்டடத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால், எதிரெதிர்த் தரப்புத் தூதர்கள் தனித்தனி வாசல் வழியாக உள்ளே வரலாம். நடுநிலை வகித்த ஸ்வீடன் நாட்டுக்காரருக்கு நடு வாசல். யார் முன்னால் நுழைவது என்ற தகராறுக்கு இடமில்லை. அரசாங்க அலுவலகத்தில் காலம் கழித்த எனக்கு இது நன்றாகவே புரிந்தது.

இனி நம் ஊர்க் கதை. ஐரோப்பாவில் 1688இல் தொடங்கிய போரில் பிரான்சும் ஹாலந்தும் எதிரிகள். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரருக்குப் பழவேற்காட்டில் 1613 முதல் கோட்டை உண்டு. நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் பிடித்தார்கள். 1690இல் அதையே தலைமையிடமாக்கிக்கொண்டார்கள். புதுச்சேரியில் பிரான்சுவா மர்த்தேன் 1674 முதல் சிறுகச் சிறுக வளர்த்த பிரெஞ்சுக் குடியிருப்பு அவர்கள் கண்ணை உறுத்தியது. அந்தச் சமயம் செஞ்சியில் மொகலாயர் முற்றுகைக்குள் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமுக்குப் பண நெருக்கடி. அவரிடம் பணம் கொடுத்துப் புதுச்சேரியின் உரிமையை வாங்கிக்கொண்டு, 1693இல் கப்பற்படையோடு டச்சுக்காரர் வந்தார்கள். மர்த்தேனிடம் இருந்த படை சொற்பம். செப்டம்பரில் சரணடைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து 1697 செப்டம்பரில், நான் நின்ற அந்த இடத்தில், ஊரைத் திருப்பிக் கொடுப்பதென்று கையெழுத்துப் போட்டார்கள். கோட்டையைப் பலப்படுத்திய செலவை வாங்கிக்கொண்டு 1699இல்தான் ஒப்படைத்தார்கள்.

செஞ்சியில் விற்பனை, கடலோரத்தில் முற்றுகை, ரிஸ்விக்கில் கையெழுத்து. மூன்றிலும் ஊர் ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த டிராமில் டெல்ஃப்ட் போய்ச் சேர்ந்தேன். டச்சு மொழியில் தோண்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வெட்டிய கால்வாயின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. சுற்றுப்புற நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால்தான் மனிதன் குடியிருக்க முடியும். வடிகாலாக வெட்டியதே படகு போகும் வழியும் ஆயிற்று. கடல் எட்டாத இந்த ஊர்க்காரர்கள் 1389இல் மாஸ் ஆறுவரை கால்வாய் வெட்டி, அதன் முனையில் தங்களுக்கென்று ஒரு துறைமுகமே உண்டாக்கிக்கொண்டார்கள். டெல்ஃப்ஸ்ஹாவன் என்ற அந்த இடம் இன்று ரோட்டர்டாம் நகரத்தோடு சேர்ந்துவிட்டது.

பழைய டெல்ஃப்ட் என்று பெயருள்ள கால்வாயின் கரையோரம் நடந்தேன். இரு பக்கமும் செங்கல் வீடுகள், சிறு சிறு வளைவுப் பாலங்கள், சாம்பல் நிறத் தண்ணீர். கரையிலேயே பழைய தேவாலயத்தின் கோபுரம் சாய்ந்து நிற்கிறது. 75 மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட 2 மீட்டர் சாய்வு. தூர்த்த கால்வாயின் மேல் அஸ்திவாரத்தில் ஒரு பகுதி விழுந்ததுதான் காரணம். கட்டிக்கொண்டிருக்கும்போதே சாயத் தொடங்க, மேல் பாகத்தை மட்டும் நிமிர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

எதிர்க்கரையில் பிரின்சன்ஹோஃப். ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்த ஆரஞ்சு இளவரசர் வில்லியம் இங்கேதான் 1584 ஜூலை 10இல் சுட்டுக் கொல்லப்பட்டார். படிக்கட்டுச் சுவரில் குண்டு பாய்ந்த பள்ளங்களைக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறார்கள். சந்தைச் சதுக்கத்தில் உள்ள புதிய தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. பளிங்கில் படுத்திருக்கும் இளவரசரின் காலடியில் அவருடைய நாய். புதுச்சேரி பறிபோன போரில் லூயி மன்னரை எதிர்த்து நின்ற மூன்றாம் வில்லியம் இவருடைய கொள்ளுப்பேரன். ரிஸ்விக் மாளிகையும் இந்தக் குடும்பத்துச் சொத்துதான்.

மதியம் ஒரு சிறு கடையில் பட்டாணி சூப் குடித்தேன். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி. குளிருக்கு அதைவிடச் சுகம் வேறில்லை.

பிறகு நான் தேடிப் போனது அதே கால்வாய்க் கரையில் 39ஆம் எண் வீடு. 1602இல் ஏற்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு ஊர்களில் கிளைகள் இருந்தன. அவற்றில் டெல்ஃப்ட் ஒன்று. அதன் அலுவலகம் இந்த வீடு. டெல்ஃப்ஸ்ஹாவனில் இறங்கிய சரக்கு படகுகளில் இங்கே வந்து சேரும். மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கிராம்பு விளையும் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கை யாரும் விரும்பவில்லை. அவர்கள் கேட்டது நம் சோழமண்டலத் துணி. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் துணி வாங்கி, அதைக் கொடுத்துக் கிராம்பு வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்றார்கள். நம் நெசவாளியின் தறியில்லாமல் அந்த வியாபாரம் ஓடியிருக்காது.

துணி மட்டும் போகவில்லை. தஞ்சைப் பகுதியில் பஞ்சம் வாட்டிய 1659, 1660, 1661ஆம் ஆண்டுகளில் பசி தாங்காமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றியதும் இதே கம்பெனிதான். வீட்டின் முன் சிறிது நேரம் நின்றேன். அழகான வீடு. எவ்வளவு அழகோ அவ்வளவுக்கு மனசு கனத்தது.

வெளிச்சம் மங்குவதற்குள் பழைய தேவாலயத்துக்குத் திரும்பினேன். ஓவியர் வெர்மீரும், நுண்ணோக்கியால் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்ட லேவன்ஹுக்கும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். இருவரும் 1632இல் இதே ஊரில் பிறந்தவர்கள். லேவன்ஹுக் துணிக்கடைக்காரர். நூலின் தரம் பார்க்கும் வேலையில் பூதக்கண்ணாடி பழகியவர். 1660இல் நகர மன்றத்தில் ஒரு சிறு உத்தியோகம் கிடைத்தது. அதிகாரிகள் கூடும் அறையைத் திறந்து, சுத்தம் பார்த்து, கணப்பு மூட்டி வைக்கும் வேலை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் அதில் இருந்தார். பல்கலைக்கழகம் போகாதவர், லத்தீன் தெரியாதவர். லண்டன் அறிஞர் சபைக்குத் தன் தாய்மொழியிலேயே கடிதம் எழுதியவர். ஆபீஸ் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே உலகத்துக்குப் புதியதொன்றைக் காட்டிய அந்த மனிதரின் கல்லறை முன்னால், ஓய்வுபெற்ற குமாஸ்தா என்ற முறையில் நான் தொப்பியைக் கழற்றினேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நம் ஊரின் நேர்கோட்டுத் தெருக்களைப் பார்ப்பவர்கள் பிரெஞ்சுக்காரர் திட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். ஆராய்ச்சியாளர் ழான் தெலோஷ் பழைய டச்சு வரைபடங்களை ஆராய்ந்து எழுதியதைப் படித்தால் வேறு கதை தெரிகிறது. 1693க்கும் 1699க்கும் இடையில், தெருக்கள் ஒன்றையொன்று நேராக வெட்டும்படி திட்டம் வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். நெசவாளருக்கும் மற்றத் தொழிலாளருக்கும் தனித்தனித் தெருக்கள் ஒதுக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டின் மேலேயே ஊரை வளர்த்தார்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் என் மனதில் நிற்கிறது. டெல்ஃப்ட்டில் கால்வாய் இரு கரை வீடுகளையும் சேர்க்கிறது. பத்தடிக்கு ஒரு பாலம் என்று தோன்றும். நம் பெரிய வாய்க்காலோ ஒரு கரையில் வெள்ளையர், மறு கரையில் நம்மவர் என்று ஊரைப் பிரித்து வைத்தது.

அந்த ஆறு வருட டச்சு ஆட்சியில் கோட்டையில் யார் இருந்தார், கையெழுத்து யார் போட்டார் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. துணி நெய்தவர்களின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை. நம் தமிழ்ப் பகுதித் தெருக்களில் நடக்கும்போது, அந்த நேர்கோடுகளுக்குள் தறி போட்டு உட்கார்ந்திருந்தவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் வராததை நாம்தானே சொல்ல வேண்டும்?